கிருமிக்குக் கிடைக்கும் நாட்கள்: நெல்லைச் சீமையில் நோய் ஏன் சில தெருக்களையே சுற்றுகிறது?

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் நாளிதழ்களின் நெல்லைப் பதிப்புகளில் ஒரே அச்சில் வார்த்த செய்திகள் வரத் தொடங்கிவிடும். இன்ன தெருவில் காய்ச்சல், இன்ன ஊரில் வாந்தி பேதி, மருத்துவ முகாம், புகை மருந்து. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: பொதுமக்கள் சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

தொடர்ந்து படிக்கிறவருக்கு ஒரு குழப்பம் வரும். போன வருஷமும் இதே தெருக்கள்தானே? பெரும்பாலான ஊர்கள் குடிப்பது ஒரே தாமிரபரணித் தண்ணீர். கொசு யாருடைய வருமானச் சான்றிதழையும் பார்த்துக் கடிப்பதில்லை. அப்புறம் ஏன் நோய் மட்டும் முகவரி மாறாமல் வருகிறது? "அந்த ஆளுகளுக்குச் சுத்தம் கிடையாது" என்ற பதில் டீக்கடையிலும் கிடைக்கும், அலுவலக நாற்காலியிலும் கிடைக்கும். சொல்கிறவருக்கு வசதியான பதில்தான். ஆனால் நோய் பரவும் விதத்தை அது விளக்குவதில்லை. ஒவ்வொரு நோயிலும் கிருமிக்கு எத்தனை நாள் கிடைக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரித் தெரியும்.

## மூன்று எண்களின் பெருக்கல்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். கிருமி உடம்புக்குள் புகுவது தொற்று. அது பெருகி உடம்பைச் சாய்ப்பது நோய். காசநோய்க் கிருமி புகுந்தவர்களில், வாழ்நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும், 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் அது நோயாக மாறும். மற்றவர்களிடம் சத்தமில்லாமல் அடங்கிக் கிடக்கும். டெங்கு வைரஸ் ஏறியவர்களில் பெரும்பாலோருக்கு ஏறியதே தெரியாமல் போய்விடும்.

ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார் என்பதைப் பரவல் எண் என்று சொல்லலாம். ஒன்றுக்கு மேல் இருந்தால் நோய் பெருகும். கீழே போனால் தானே அணையும். இந்த எண் மூன்று எண்களைப் பெருக்கினால் கிடைப்பது:

1. ஒரு நாளில் அவர் எத்தனை பேரோடு நெருங்கியிருக்கிறார். (கொசு பரப்பும் நோய் என்றால், எத்தனை கொசு அவரைக் கடிக்கிறது.)
2. ஒவ்வொரு நெருக்கத்திலும் கிருமி தாவிப் பிடிக்க எவ்வளவு வாய்ப்பு.
3. கிருமியைப் பரப்பும் நிலையில் அவர் எத்தனை நாள் இருக்கிறார்.

இது பெருக்கல், கூட்டல் அல்ல. மூன்றும் இரண்டிரண்டு மடங்கானால் பரவல் ஆறு மடங்காகாது, எட்டு மடங்காகும். வறுமை என்பது இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் ஏற்றிவிடும் சங்கதி. முதல் எண்ணை வீட்டின் அளவு தீர்மானிக்கிறது. இரண்டாவதைக் காற்றோட்டமும் சாப்பாடும் தீர்மானிக்கின்றன. மூன்றாவதைப் பற்றிச் செய்திகளில் பேச்சே வருவதில்லை. அதைப் பெரும்பாலும் தினக்கூலி தீர்மானிக்கிறது.

## பீடிச் சுளகும் சாத்திய சன்னலும்

முக்கூடல், ஆலங்குளம், கடையம், கீழப்பாவூர், மேலப்பாளையம் பக்கம் போனால் பீடி சுற்றாத தெருவைத் தேடத்தான் வேண்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்ததில் இவற்றில் சில அந்தப் பக்கம் போய்விட்டன. பீடிக்கு அந்த எல்லை தெரியாது.

ஒரு முன்னறையை எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பத்து இருக்கும். நாலைந்து பெண்கள் சுவரில் சாய்ந்து, மடியில் சுளகை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர் அந்த வீட்டுக்காரர்கள், மற்றவர்கள் அக்கம்பக்கம். பேச்சுத் துணையோடு சுற்றினால் கை வேகமாக ஓடும். இலை காய்ந்தால் உடைந்துவிடும் என்று ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். சுளகில் இருக்கும் தூள் பறந்துவிடும் என்பதால் மின்விசிறியைப் போடமாட்டார்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று சுழற்றி அடிக்கும்போது சன்னலையும் சாத்திவிடுவார்கள்.

இப்போது காசநோய்க் கிருமி எப்படித் தாவுகிறது என்று பார்க்கலாம். நோயாளி இருமும்போது வரும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளில் அது மிதக்கிறது. காற்று அசையாத அறையில் அந்தத் துளிகள் மணிக்கணக்கில் நிற்கும். வெயிலும் காற்றோட்டமும்தான் அவற்றைக் கலைப்பவை. பீடி அறையில் இரண்டுக்கும் இடமில்லை, ஏனென்றால் அந்த வேலைக்கு இரண்டும் ஆகாது. அந்த அறை பெருக்கித் துடைத்துத்தான் இருக்கும். சுத்தம் என்று நாம் சொல்வதற்கும் இந்தக் கிருமிக்கும் அங்கே சம்பந்தமே இல்லை.

அடுத்தது இருமல். "தூள் நெடி மைனி, அதான் இருமுது" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் நம்புவார்கள், சொல்கிறவரும் நம்புவார். வருஷக்கணக்கில் புகையிலைத் தூளைச் சுவாசிக்கிறவருக்கு இருமல் இருக்கத்தான் செய்யும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது காசநோய்த் திட்டத்தின் விதி. இருமல் எந்த மாதம் தொடங்கியது என்றே சொல்ல முடியாதவர் அந்த இரண்டு வாரத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவார்?

அப்படியே சந்தேகம் வந்தாலும், கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஆஸ்பத்திரிக்குப் போன நாள் பீடி சுற்றாத நாள். கிராமத்திலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் பஸ், சீட்டு வரிசை, சளி கொடுப்பது, படம் எடுப்பது என்று ஒரு முழு நாள். முடிவு வாங்க இன்னொரு நாள். பரிசோதனையும் மருந்தும் இலவசம்தான். நாள் இலவசமில்லை. அதனால் முதலில் மெடிக்கல் கடையில் இருமல் டானிக், பிறகு பக்கத்து ஊரில் ஓர் ஊசி, அப்புறம் இன்னோர் இடத்தில் ஒரு வாரத்து மாத்திரை. இப்படிக் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக்குகளில் ஒரு வகை காசநோய்க் கிருமியையும் கொஞ்சநாள் அடக்கிவைக்கும். இருமல் குறைந்த மாதிரி இருக்கும், பரிசோதனையில் பிடிபடாமலும் போகலாம். பிறகு திரும்பி வரும். வாரம் மாதமாவது இப்படித்தான்.

இந்த மாதங்களில்தான் பரவல் நடக்கிறது. சிகிச்சை எடுக்காத ஒரு நோயாளி ஒரு வருஷத்தில் 10 முதல் 15 பேருக்குத் தொற்றைக் கொடுக்கக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் மதிப்பீடு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய காசநோய்க் கணக்கெடுப்பில், நெஞ்சு தொடர்பான அறிகுறிகள் இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்குப் பெரும்பாலோர் சொன்னது, அறிகுறியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது. அறிக்கை எழுதுகிறவர்கள் இதை "அலட்சியம்" என்று போட்டுவிடுவார்கள். ஆயிரம் பீடியா, இருமலா என்று ஒவ்வொரு காலையும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும் ஒருவரின் முடிவுக்கு அலட்சியம் என்று பெயர் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மிச்சம் இருப்பது சாப்பாடு. அடங்கிக் கிடக்கும் கிருமியைக் காவல் காப்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி. சத்துக் குறைந்தால் காவல் தளரும். இந்தியாவில் காசநோய்த் தொற்று, நோயாக மாறுவதற்கு மிகப் பெரிய தூண்டுகோல் சத்துக்குறைவுதான். ரேஷன் அரிசி இலவசம் என்பதால் இங்கே வயிறு காய்வது குறைந்திருக்கிறது. ஆனால் மீன் குழம்பு வைத்தால் ஆண்களுக்குத் துண்டு, கடைசியாக உட்காரும் பெண்ணுக்குக் குழம்பு என்ற பந்தி முறை பல வீடுகளில் இன்னும் மாறவில்லை. நாள் முழுக்க அந்தச் சாத்திய அறையில் இருப்பதும் அந்தப் பெண்தான்.

## டிரம்மில் நிற்கும் தண்ணீர்

2012-இல் தமிழ்நாட்டில் டெங்கு 12,800-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. அந்த வருஷம் கடையநல்லூரும் அன்றைய திருநெல்வேலி மாவட்டமும் கடுமையாக அடிபட்டன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடைக் கொசு அல்ல. அது முட்டையிடுவது நல்ல தண்ணீரில். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற நம் ஊர்ச் சூட்டில் ஏழு முதல் பத்து நாள் போதும்.

தினமும் குழாயில் தண்ணீர் வரும் வீட்டில் யாரும் பத்து நாளைக்குத் தண்ணீர் பிடித்து வைப்பதில்லை. எந்தத் தெருவில் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருதரம், வாரத்துக்கு ஒருதரம் என்று வருகிறதோ, அந்தத் தெருவில்தான் வாசல் நெடுக நீல டிரம்மும் சிமெண்ட் தொட்டியும் நிற்கும். வற்றாத ஆறு என்று பாடப்புத்தகத்தில் படித்த ஆற்றின் கரையிலேயே இந்த வரிசையைப் பார்க்கலாம்.

டிரம்முக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கொசு முட்டையை நீருக்குள் போடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரின் ஈரத்தில் ஒட்டிவைக்கிறது. டிரம் காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிக்கும். புழு நிழல் பட்டாலோ தண்ணீர் அசைந்தாலோ சர்ரென்று அடிக்குப் போய்விடும். செம்பால் மேல்தண்ணீரை மொண்டு எடுக்கும்போது புழு அடியில் பத்திரமாக இருக்கும். அடியில் ஒரு சாண் மிச்சம் இருக்கும்போதே அடுத்த முறைத் தண்ணீர் வந்துவிடும். அந்த மிச்சத்தைக் கீழே கொட்ட யாருக்கு மனம் வரும்? அதன் மேலேயே பிடித்து நிரப்புவார்கள். வாரம் ஒருமுறை முழுக்கக் காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்வது அறிவியல்படி முழுக்கச் சரியான ஆலோசனை. அதைச் செய்ய ஒரு டிரம் தண்ணீரை இழக்க வேண்டும் என்பதையும் சொல்கிறவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டெங்கு ஏழைத் தெருவில் மட்டும் வருகிற நோய் அல்ல. குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும் மணிபிளான்ட் பாட்டிலிலும் இதே கொசு வளரும். வித்தியாசம் வருவது காய்ச்சல் விட்ட பிறகு. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது. வயிற்று வலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு, கை கால் சில்லிடுதல் என்று அறிகுறிகள் அப்போதுதான் வரும். மாதச் சம்பளக்காரர் அந்த நாட்களில் படுத்திருப்பார். கூலிக்காரர் "காய்ச்சல் விட்டுட்டு" என்று கொத்து வேலைக்குப் போயிருப்பார்.

## குழிக்குள் இருக்கும் குழாய்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், பார்த்தவர்களுக்கு உடனே புரியும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து புறப்படும் தண்ணீர் முதல் தெருக்களைக் கடந்து ஊரின் கடைசிக் குழாய்க்கு வரும்போது அழுத்தம் இருக்காது. பல ஊர்களில் அந்தக் கடைசி வரிசைதான் பட்டியல் சாதி மக்களின் குடியிருப்பு. அந்த இடங்களைக் குறித்துவந்த "காலனி" என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். குழாய் வரிசை மாற வேறு அறிவிப்பு வேண்டும்.

அழுத்தம் இல்லாத இடத்தில் மக்கள் செய்வது, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி, ஒரு குழி தோண்டி, அதற்குள் குடத்தை இறக்கிப் பிடிப்பது. அந்தக் குழியில் மழைத்தண்ணீரும் கழிவுநீரும் தேங்கும். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, குழியில் தேங்கியதை உள்ளே இழுக்கும். அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது முதலில் வருவது அதுதான். குளோரின் கலந்த தண்ணீர் கடைசிக் குழாய்க்கு வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்பது அளவுகோல். அது முதலில் தீர்ந்துபோவதும் இந்தக் கடைசியில்தான். டைபாய்டு, மஞ்சள் காமாலை, பேதி மூன்றும் இந்த வழியில் வரக்கூடியவை. அங்கே போய்க் கைகழுவும் முறையைச் செய்துகாட்டுவதில் தப்பில்லை. ஆனால் குழாயில் வருவதை வைத்துத்தானே கழுவ வேண்டும்.

## சேற்றுப்புண் திறக்கும் கதவு

எலிக்காய்ச்சல் மனிதரிடமிருந்து மனிதருக்குச் சாதாரணமாகப் பரவுவதில்லை. அதனால் மேலே சொன்ன பெருக்கல் இதற்குப் பொருந்தாது. ஆனால் நாள் கணக்கு பொருந்தும். எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீரில் வெளிவரும் கிருமி, தேங்கிய நீரிலும் சேற்றிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். அது உடம்புக்குள் நுழையத் தோலில் ஒரு வெடிப்பு போதும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் காருக்கும் பிசானத்துக்கும் நடவு நடும் பெண்களின் கால்விரல் இடுக்கைப் பார்த்தால் அந்தக் கதவு திறந்தே இருப்பது தெரியும். நாள் முழுக்கச் சேற்றில் நின்று வந்த சேற்றுப்புண் அது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி கரை மீறியபோது, வீட்டுக்குள் புகுந்த சகதியை வெறுங்காலோடு வாரிக் கொட்டியவர்கள் நிலைமையும் இதேதான்.

முதல் சில நாட்களில் பிடித்துவிட்டால் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை கேட்கும். விட்டால் சிறுநீரகமும் கல்லீரலும் போகக்கூடும். புதர்க்காடுகளில் ஒட்டும் நுண்பூச்சியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கும் அதே மாத்திரைதான். அதற்கு ஓர் அடையாளமும் உண்டு: பூச்சி கடித்த இடத்தில் பீடி நெருப்பு சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு. அது பெரும்பாலும் இடுப்பிலோ அக்குளிலோ மார்புக்குக் கீழோ ஒளிந்திருக்கும். விறகு பொறுக்கப் போன பெண் அதை ஆண் மருத்துவரிடம் தானாகக் காட்டமாட்டார். இரண்டு நிமிஷத்தில் ஒரு நோயாளியைப் பார்த்து அனுப்ப வேண்டிய மருத்துவரும் தேடமாட்டார். "வைரல் காய்ச்சல்" என்று எழுதி மூன்று நாள் மாத்திரை கொடுத்துவிட்டால், கிருமிக்கு இன்னும் மூன்று நாள்.

## சொல்ல முடியாத நோய்

நாட்களைக் கூட்டுவதில் கூலிக்கு அடுத்தது கூச்சம். அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி ஊருக்கே அறிவிக்கும் நாடு இது. யாரும் வரவேண்டாம் என்பதற்கு அது நல்ல அடையாளமும்கூட. காசநோய்க்கு அப்படி வேப்பிலை கிடையாது. கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் அம்மாவின் சளி டப்பாவைக்கூட ஒளித்து எடுத்துப் போவார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாதே.

2020 மார்ச் கடைசியில், டெல்லி மாநாட்டுக்குப் போய்வந்தவர்களுக்குக் கொரோனா உறுதியானதும் மேலப்பாளையம் முழுவதையும் அடைத்தார்கள். தொற்று ஒரு சமூகத்தின் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்டது. பெயர் ஒட்டிவிட்டால், இருமல் வந்தவர் சோதனைக்கு வருவதற்கு முன் இரண்டு நாள் யோசிப்பார். தனிமைப்படுத்தல் குறைக்க நினைத்த மூன்றாவது எண்ணை, அதாவது பரப்பும் நாட்களை, அந்த இரண்டு நாள் ஏற்றிவிடும்.

## நாட்களைக் குறைத்தால் என்ன ஆகும்?

வறுமை ஒழிந்தால்தான் நோய் ஒழியும், அதுவரை ஒன்றும் செய்ய முடியாது என்று இதைப் படித்துக்கொள்ளக் கூடாது. அதற்கு எதிரான சான்று நம்மிடமே இருக்கிறது.

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவ விடுதியில் நல்ல சாப்பாடு, ஓய்வு, கவனிப்பு, மருந்து. மறுபாதிக்கு அவர்களுடைய நெரிசலான வீட்டிலேயே மருந்து மட்டும். 1959-இல் முடிவு வந்தது: குணமானதில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலேயே சிகிச்சை பெற்றவரோடு வாழ்ந்த குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். இதற்குள் இருக்கும் சேதி: மருந்து தொடங்கியதும் பரவல் வேகமாக அடங்குகிறது. குடும்பத்தார் தொற்றை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் அதற்கு முன்னால்தான்.

அந்த "முன்னால்" காலத்தைக் குறைக்கவும், மற்ற நோய்களில் கிருமியின் வழியை அடைக்கவும் செய்யக்கூடியவை எல்லாம் வானத்தை வில்லாக வளைக்கும் காரியம் அல்ல:

1. சாப்பாடு. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், நோயாளி வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிக்கு அரசு கொடுத்துவந்த மாதம் 500 ரூபாய் 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. வீட்டில் உள்ள மற்றவர்களுக்குப் பருப்பு என்பது அடுத்த படி.

2. தராசும் கடிகாரமும். தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோயாளியின் எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பதைப் பார்த்தே யாரை உடனே படுக்கையில் சேர்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம்.

3. தண்ணீர் முறை. கொசு வளர ஏழு நாள் வேண்டும் என்றால், தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தால் டிரம்மே தேவைப்படாது. புகை மருந்துச் செலவையும் குழாய் விரிவாக்கச் செலவையும் வேறு வேறு துறைக் கணக்கில் எழுதுவதால் இந்த ஒப்பீட்டை யாரும் செய்வதில்லை.

4. பரிசோதனை நடக்கும் இடமும் நேரமும். இதுதான் எல்லாவற்றிலும் மலிவானது. நடமாடும் எக்ஸ்ரே வண்டி ஊருக்கு வருகிறது. பள்ளிக்கூட மைதானத்தில் நிற்கிறது. காலை பதினொரு மணி, கை மும்முரமாக ஓடும் நேரம். யாரும் எழுந்து வரவில்லை என்று வண்டி திரும்பிவிடுகிறது. சுற்றிய பீடியைக் கட்டுக் கட்டாகக் கொடுத்து, இலையும் தூளும் வாங்கிப் போக அந்தப் பெண்கள் எல்லோரும் பீடிக்கடைக்கு எப்படியும் வந்துதான் ஆக வேண்டும். வந்து, எண்ணி முடிக்கும்வரை அங்கே வரிசையில் காத்துக்கொண்டும் இருக்கிறார்கள்.